முகம் எங்கே?

கேள்வி: காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையோடு ஒரு பெண்ணின் கோட்டோவியம் வந்திருந்தது. முகம் முழுக்க ஒரே கிறுக்கல். முகமே இல்லாதது எப்படி உருவப்படம் ஆகும்? ஓவியருக்கு முகம் வரைய வராதா? யார் அந்தப் பெண்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ‘கிறுக்கல்’ என்பதை நான் ஏற்க மாட்டேன். அசல் என் மேஜையில்தான் இருக்கிறது. தாளைச் சற்றுச் சாய்த்தால் மைக்கு அடியில் பென்சில் தடம் தெரிகிறது. முகத்தை முழுதாக வரைந்த பிறகே தொட்டெழுதும் பேனாவால் மூன்று திசைகளில் கோடிழுத்து மூடியிருக்கிறார். அடியில் தெரிவது என்ன என்று எழுத மாட்டேன். “மூஞ்சி மட்டும் போடாதப்பா” என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

முகம் போனால் ஆளே போய்விடுவாரா? எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி ஓவியங்களைப் பாருங்கள். கண்ணாடி, குனிந்த தோள், நடையின் வேகம். காந்திதான் என்று தெரிய இவையே போதும். இந்தப் படத்திலும் அரிவாள்மணைமேல் மடக்கிய கால், மீன் வழுக்காமல் அழுத்திப் பிடித்த இடது கட்டைவிரல் இரண்டும் தடுமாற்றமே இல்லாமல் ஒரே இழுப்பில் வந்திருக்கின்றன. முப்பது வருட வேலை அந்த விரலில் இருக்கிறது. உருவப்படம் என்று நான் சொல்வது அதைத்தான்.

மறைப்பது நமக்குப் புதிதும் அல்ல. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் தலைவன் பெயரும் இல்லை, தலைவி பெயரும் இல்லை. ஆனாலும் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்ததாக ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆள் தெரிந்துவிட்டது, இது அகமாகாது என்றார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அத்தனை சின்ன விஷயம் போதும், ஒருவரைக் காட்டிக்கொடுக்க.

எங்கள் ஓவியருக்கும் அந்தக் கவலை இருந்தது. முகத்தை மூடியதோடு நிற்காமல் வலது முன்கையிலும் அதே அடர்த்தியில் கோடு போட்டிருக்கிறார். அங்கே ஒரு ‘வேம்பு’ இருந்தது. உங்கள் கடிதத்தில் முன்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் அவர் சரியாகத்தான் மறைத்திருக்கிறார்.

ஒரு தவறு எங்களுடையது. படத்தை இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கியதில் கோடுகளுக்கு நடுவே இருந்த வெள்ளை அடைபட்டுப்போய், முகம் வெறும் கறையாக அச்சாகிவிட்டது. கிறுக்கல் என்று உங்களுக்குத் தோன்ற அதுவும் காரணமாக இருக்கலாம். அடுத்த இதழில் முழுப்பக்கமாக மறுபடி வெளியிடுகிறோம். பெயரை அப்போதும் போட மாட்டோம்.