ஒரே ஸ்டூல், பல வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உட்கார, ஏறி நின்று பரணில் பாத்திரம் எடுக்க, பலகை அறுக்க… எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டூல் செய்ய முடியுமா?

தாராளமாக. உயரம் 18 அங்குலம் வையுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும். பலகையை மேலே கிடத்தி முழங்காலால் அழுத்தி அறுக்கவும் அந்த உயரம்தான் வாகு. மேல்பலகை 16-க்கு 10 அங்குலம் போதும். நடுவில் 4 அங்குல நீளத்துக்குக் கை நுழையும்படி ஒரு துளை போட்டால் ஒரே கையில் தூக்கிப் போகலாம். வயதானவர்கள் ஏறுவார்கள் என்றால் மட்டும் 9 அங்குலத்தில் தனியாக ஒரு படி செய்துவிடுங்கள்.

மூன்று கால் போதாதா?

உட்கார மட்டும் என்றால் போதும். மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. ஏறி நிற்பதற்குக் கண்டிப்பாக நான்கு கால் வேண்டும். மூன்று காலில் எடை சற்று விலகினாலே கவிழ்ந்துவிடும். நான்கிலும் காலின் அடி, மேல்பலகையின் விளிம்புக்கு உள்ளே இருக்கக் கூடாது. விளிம்பை மிதித்தாலும் சாயாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். கால்களை 10 டிகிரி சாய்த்தால், இந்த உயரத்துக்கு அடி ஏறக்குறைய 3 அங்குலம் வெளியே வரும். அழகுக்காகக் காலை உள்ளே தள்ள வேண்டாம், விழுந்தால் இடுப்பு உடையும்.

எந்த மரம்?

நன்றாகக் காய்ந்த வேம்பு. பூச்சி எளிதில் அண்டாது. மாமரம் வேண்டாம், சீக்கிரம் உளுத்துவிடும்.

ஃபெவிகாலும் ஸ்குரூவும் போதுமா?

காலின் வெட்டுமுனையில் ஏற்றிய ஸ்குரூவுக்குப் பிடிப்பு குறைவு, நாளாக நாளாகத் தளரும். மேல்பலகையில் துளை போட்டு, காலின் மேல்முனையில் செதுக்கிய நாக்கை, அதாவது கழுந்தை, அதில் இறக்குவதே நல்லது. கழுந்தின் கனம் கால்கனத்தில் மூன்றில் ஒரு பங்கு: ஒன்றரை அங்குலக் காலுக்கு அரை அங்குலம். உளி பிடிக்கப் பழகவில்லையா? சரி, கால்களை மேல்பலகைக்கு அடியில் உள்ள சட்டத்தோடு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் 2 போல்ட் முடுக்குங்கள். கீழே கால்களை இணைக்கும் குறுக்குச்சட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முடித்த ஸ்டூல் ஆடுகிறது. எந்தக் காலை அறுப்பது?

ஒரு காலை மட்டும் அறுக்காதீர்கள். இன்று இது, நாளை அது என்று ஸ்டூல் குள்ளமாகுமே தவிர ஆட்டம் நிற்காது. சமமான கிரானைட் மேடையில் நிறுத்தி, தூக்கி நிற்கும் காலுக்கடியில் அட்டை செருகுங்கள். மேலே ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் கால் அங்குலக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டிலேயே நான்கையும் அறுத்தால், சாய்ந்த காலும் தரையோடு ஒட்டிப் படியும். அடி விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால் இழுக்கும்போது சிலாம்பு பெயராது.

அடுப்படியில் ஈரம் படுமே, வார்னிஷ் அடிக்கலாமா?

பளபளப்பான வார்னிஷ் ஈரக்காலுக்கு வழுக்கும், மேட் பூச்சு அடியுங்கள். கால்களின் அடிமுனைக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான்.