பட்டைத் தண்டும் இலையுடுத்த பூவும்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் மகளின் தோட்டத்தில், கௌஸ்லிப் செடி ஒன்றின் பூந்தண்டு நாடாவைப் போல் அகன்று, உச்சியில் ஏராளமான பூக்களைத் தாங்கி நிற்கிறது. அருகிலுள்ள பிரிம்ரோஸ் என்ற பூச்செடியிலோ, ஒவ்வொரு மஞ்சள் பூவையும் சுற்றிச் சிறு இலைகள் இருக்கின்றன. எங்கள் எள்ளுக்காட்டில் பூ இலையாக மாறினால் அச்செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவோம். அவளும் அப்படிச் செய்ய வேண்டுமா?
– வாசகி, சிவகிரி, ஈரோடு மாவட்டம்

பதில்: வேண்டாம். தாங்கள் எள்ளில் காண்பது ஃபைட்டோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரால் வரும் நோய். தத்துப்பூச்சி அதைச் செடிக்குச் செடி பரப்புவதால், பிடுங்கி அழிப்பதே முறை. அந்நோயில் அல்லி எனப்படும் இதழ்கள் உட்பட பூவின் எல்லா உறுப்புகளும் பச்சையாகிவிடும், காயும் பிடிக்காது. தங்கள் மகளின் பிரிம்ரோஸிலோ அல்லி மஞ்சளாகவே இருக்க, அடியில் பச்சை உறைபோல் உள்ள புல்லிவட்டம் மட்டும் இலையாகியிருக்கிறது. இது ‘ஜாக் இன் தி கிரீன்’ என்ற மரபு வடிவம். அங்குள்ள தோட்டக்காரர்கள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இதை விரும்பி வளர்த்து வருகிறார்கள். பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு என்பதால், சாதாரணச் செடியோடு மகரந்தம் சேர்ந்தாலும் நாற்றுகளில் ஏறத்தாழப் பாதியாவது இப்படியே பூக்கும். புல்லிவட்டமே அல்லியாகி, பூவுக்குள் பூ செருகியதுபோல் தோன்றும் ‘ஹோஸ் இன் ஹோஸ்’ என்ற வடிவமும் உண்டு. என் கண்ணுக்கு அதுவே கூடுதல் அழகு. குளோபோசா என்ற மரபணுவின் முன்பகுதியில் இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று செருகிக்கொண்டதே அதற்குக் காரணம் என்று 2010இல் கண்டறிந்தார்கள்.

பட்டைத் தண்டின் கதை வேறு. ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய வளர்நுனி கோடாக நீண்டுவிட்டால் தண்டு தட்டையாகும். நம் பூச்சந்தைகளுக்கு வரும் கோழிக்கொண்டையும் இவ்வகையே, ஆனால் அதில் அப்பண்பு விதைவழி நிலைத்துவிட்டது. கௌஸ்லிப்பில் பெரும்பாலும் உறைபனியோ பூச்சிக்கடியோ நுனியைத் தாக்கியதால் நேர்வது. அதே கிழங்கிலிருந்து அடுத்த ஆண்டு இயல்பான தண்டே வரக்கூடும். அடிப்பகுதியில் குட்டையும் தடிப்புமான துளிர்கள் கொத்தாகக் கிளம்பினால் மட்டும் ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் சந்தேகித்து அச்செடியை அகற்றலாம்.

பிரிம்ரோஸ் விதையைச் சேகரித்து அங்கேயே விதைக்கச் சொல்லுங்கள். முளைப்பதற்கு அதற்குக் குளிர்காலம் தேவை. சிவகிரி வெயிலில் அது பிழைக்காது.