வோல்ட்டைக் கூட்டினால் போதாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மின்சாரத்தைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை அசெட்டேட்டாக (வினிகர் அமிலத்தின் உப்பு வடிவம்) மாற்றும் பாக்டீரியாக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மின்முனையிலிருந்து பாக்டீரியாவுக்கு எலக்ட்ரான் போய்ச் சேருவதில்தான் தாமதம் என்கிறீர்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதாதா?

முதுநிலை வேதியியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

கூட்டலாம், மின்னோட்டமும் ஏறும். ஆனால் ஏறிய மின்னோட்டம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஓர் அளவைத் தாண்டினால் எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பும். பாக்டீரியா அதில் கொஞ்சம் தின்னும். மீதி வாயுவாக வெளியேறிவிடும். அதற்குச் செலவான மின்சாரமும் வீண்தான்.

2010இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கெல்லி நெவின், டெரிக் லவ்லி குழுவினர் ஸ்போரோமூசா ஓவாட்டா என்ற இவ்வகைப் பாக்டீரியாவை கிராஃபைட் மின்முனையின் மேல் படலமாக வளர்த்தார்கள். மின்முனையை வைத்தது -400 மில்லிவோல்ட்டில்தான். உள்ளே போன எலக்ட்ரான்களில் 85 சதவீதத்துக்கும் மேல் விளைபொருளில் கிடைத்தன. விரயம் குறைவு, ஆனால் ஓட்டமும் குறைவு. ஒரு மூலக்கூறு அசெட்டேட்டுக்கே 8 எலக்ட்ரான்கள் வேண்டுமே!

எனவே கை வைக்க வேண்டிய இடம் மின்முனையின் மேற்பரப்பு. பாக்டீரியாவின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது, மின்முனையும் அப்படித்தான். ஒன்றையொன்று தள்ளும். 2013இல் அதே ஆய்வகத்தார் கார்பன் துணியில் கைட்டோசானைப் பூசிப் பார்த்தார்கள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள் அது; அதிலுள்ள அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் ஏற்பவை. அசெட்டேட் உருவாகும் வேகம் 6–7 மடங்கானது. தங்க நானோ துகள்கள் பூசிய துணி தந்தது 6 மடங்கு. குப்பையில் போகிற ஓடு தங்கத்துக்குச் சமமாக நின்றது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

ஆனால் வேகம் கூடியதாலேயே பாக்டீரியா மின்முனையிலிருந்து நேரடியாக எலக்ட்ரானை வாங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்ஃபிரட் ஸ்போர்மன் குழுவினர் மீத்தேன் தரும் மெத்தனோகாக்கஸ் மாரிபாலுடிஸ் என்ற நுண்ணுயிரை ஆராய்ந்தார்கள். செல்களிலிருந்து கசிந்த நொதிகள் மின்முனையில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனையும் ஃபார்மேட்டையும் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) தயாரித்துக் கொடுத்தன. உடனுக்குடன் நுண்ணுயிர் அவற்றைத் தின்றுவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேரடிப் பரிமாற்றம் போலவே தெரியும்.

அதனால் என் யோசனை: எந்தப் பூச்சையும் வாங்குவதற்கு முன், வளர்ப்புத் திரவத்தை வடிகட்டி, செல்லே இல்லாமல் மின்முனையில் ஓட்டிப் பாருங்கள். செல் வளர்க்காத புதிய திரவத்தில் கிடைப்பதைவிட மின்னோட்டம் தெளிவாகக் கூடினால், நொதிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது நீங்கள் மாற்ற வேண்டியது நொதி ஒட்டும் மேற்பரப்பை, அளக்க வேண்டியது ஹைட்ரஜனை.