தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, 5 ஆண்டுகள் முடிந்தும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு 3 ஆண்டுகள் வரை வழங்கும் தொகையே இது. பத்தாம் வகுப்பில் தேறியோருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூ முடித்தோருக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 எனக் கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் செலுத்துவார்கள். இன்றைய விலைவாசிக்கு இது மிகக் குறைவு என்பதே என் கருத்து.

விண்ணப்பம் தள்ளுபடியாக ஒரு காரணம், பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விடுவது. ரேஷன் கடை வரிசையிலிருந்து இடையில் விலகியவர் பழைய இடத்தைக் கோர முடியாததுபோல, பதிவு காலாவதியானால் காத்திருந்த ஆண்டுகளும் கணக்கில் வராமல் போகலாம். ஆகவே, பதிவு அட்டையில் குறிக்கப்பட்டுள்ள புதுப்பிக்கும் மாதத்தை முதலில் பாருங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. ஒசூர் தொழிற்சாலைகளில் ஒப்பந்த அடிப்படையில் சம்பளம் வாங்குபவரும், கல்லூரியில் நேரடியாகப் படிப்பவரும், பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவரும் இதற்குத் தகுதியற்றவர்கள். தொகை வரத் தொடங்கிய பின்னும் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் தர வேண்டும்; தராவிட்டால் பணம் நின்றுவிடும்.

உதவித்தொகை பெற்றால் பதிவு மூப்பு போய்விடும் எனப் பலர் அஞ்சி விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். பதிவு எவ்வகையிலும் பாதிக்கப்படாது.