சம்பந்தி வீட்டாருக்கு ஒரு அலோஹா

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஹொனலுலுவில் வேலை. அங்கேயே ஹவாய்ப் பூர்வகுடிப் பெண் ஒருத்தியைப் பிடித்துப்போய், அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணின் பாட்டி வீட்டில் ஹவாய் மொழிதான் பேசுவாராம். வரவேற்பில் மாப்பிள்ளையின் அம்மா நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் கேட்பது இது:

"அலோஹா என்றால் வணக்கம் என்கிறார் ஒருவர், அன்பு என்கிறார் இன்னொருவர், கடவுளின் மூச்சு என்கிறது ஒரு வீடியோ. போன வாரம் என் அண்ணன் தவறிவிட்டார். சேதி கேட்டதும் அந்தப் பாட்டி 'அலோஹா இனோ' என்று எழுதி அனுப்பினார். அகராதியில் தேடினால் இனோ என்பதற்குக் கெட்டது, தீயது என்று போட்டிருக்கிறது. ஏதாவது கோபமா? நான் எதைச் சொல்ல, எதை விட?"

முதலில் அந்தக் கோபத்தைத் தீர்த்துவிடுவோம். கோபமே இல்லை. 'அலோஹா இனோ' என்றால் 'அடடா, ஐயோ பாவம்' என்று பொருள். அகராதியும் பொய் சொல்லவில்லை. இனோ என்றால் தீயதுதான், புயலுக்கும் அதே சொல்தான். ஆனால் இன்னொரு சொல்லின் பின்னால் நிற்கும்போது 'ரொம்ப, தாங்க முடியாத அளவுக்கு' என்று அழுத்தம் கொடுக்கவும் அது வரும். நாம் 'பயங்கர அழகு' என்று சொல்வதில்லையா? இதைவிட நெருக்கமான உதாரணம் நம்முடைய 'பாவம்'. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் அகராதியைப் பார்த்தால் அங்கே தீவினை என்றுதான் இருக்கும். "பாவம், சின்ன வயசு" என்று நாம் சொல்வதைக் கேட்டு, இறந்தவரைத் திட்டுகிறோம் என்று அவர் நினைத்தால் எப்படி? நீங்களும் அதே இடத்தில்தான் இடறியிருக்கிறீர்கள்.

பதில் எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கே எழுதுங்கள். உங்களுக்கு வருகிற ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் 'மெ கெ அலோஹா' என்று போட்டுக் கையெழுத்திடுங்கள். 'அலோஹாவோடு' என்று அர்த்தம். கல்யாணக் கடிதம், துக்கக் கடிதம் இரண்டுக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த ஹவாய் அகராதி 1957-இல் வந்தது. இன்றும் எல்லோரும் முதலில் புரட்டுவது அதைத்தான். அதில் அலோஹாவுக்கு எதிரே அன்பு, பாசம், இரக்கம், கருணை, காதலி, காதலன், வாழ்த்து, வரவேற்பு, விடைபெறுதல், 'ஐயோ' என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பார்த்தால் மலைப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் அத்தனையையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. சொல் ஒன்றுதான்: ஒருவர் மேல் மனம் இளகி அவர் பக்கம் சாய்வது. வாசலில் வந்து நின்றால் வரவேற்பு, கிளம்பினால் விடை, இழப்பு நேர்ந்தால் இரக்கம். எது என்பதைப் பக்கத்துச் சொல்லும் நேரமும் சொல்லிவிடும். அதனால் அலோஹாவை விட்டுவிட்டு, அதன் துணைச் சொற்களைப் பிடியுங்கள்.

உங்களுக்கு மிகவும் தேவைப்படப் போகும் துணை 'காக்கொவ்'. கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது 'அலோஹா காக்கொவ்' என்று தொடங்குவார்கள். காக்கொவ் என்றால் 'நாம்'. பேசுபவரும் கேட்பவர்களும் சேர்ந்த நாம். கேட்பவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' என்பதற்கு அங்கே 'மாக்கொவ்' என்று வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால் அமெரிக்க மாணவர்கள் இதில் திணறுவார்கள். நமக்கு இது தாய்ப்பாலோடு வந்தது. ஆக, நீங்கள் மேடையில் 'அலோஹா காக்கொவ்' என்று சொன்னால் 'நம் எல்லோருக்கும் அன்பு' என்று ஆகிறது. இரண்டு குடும்பம் ஒன்றாகும் நாளில் வேறென்ன வேண்டும்?

ஒரு இடத்தில் மட்டும் நம் தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும். பாட்டியிடம் தனியாகப் பேசும்போது மரியாதைக்காகப் பன்மை போடாதீர்கள். ஒருவர் என்றால் 'ஓய்', இரண்டு பேர் என்றால் 'ஒலுஆ', மூன்றும் அதற்கு மேலும் என்றால் 'ஒவ்க்கொவ்'. இது வெறும் தலைக்கணக்கு. நீ, நீங்கள் என்ற மரியாதைக் கணக்கு இதில் கிடையாது. பாட்டியைப் பார்த்து 'அலோஹா ஒவ்க்கொவ்' என்றால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். 'அலோஹா ஓய்' என்பது நம் காதுக்குத் தெருவில் யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது, தெரியும். கூச்சமாக இருந்தால் 'அலோஹா, டூட்டூ' என்று சொல்லிவிடுங்கள். டூட்டூ என்றால் பாட்டி, தாத்தாவுக்கும் அதுவே. உறவுமுறை சொல்லி அழைப்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான்.

அப்புறம் உச்சரிப்பு. தமிழில் அலோஹா என்று நெடில் போட்டு எழுதுகிறோம். அங்கே மூன்று எழுத்துமே குறில். நடுவில் அழுத்தம் விழுவதால் 'லொ' கொஞ்சம் நீண்டு கேட்கும், அவ்வளவே. சினிமாவில் வருவது போல 'அலோஓஓஹா' என்று இழுக்க வேண்டாம். குறில், நெடில் மாறினால் பொருள் மாறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லித்தர வேண்டியது ஒகினாவை. அது தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஒலி. ஹவாய் மொழியில் முழு மெய்யெழுத்தாகவே கணக்கு. அந்த மொழியில் மெய்யே எட்டுதான், அதில் இது ஒன்று. குழந்தை அடுப்பைத் தொடப் போனால் 'அ... அ...' என்று அதட்டுவோமே, அந்த இரண்டு அகரத்துக்கும் நடுவே தொண்டை அடைக்கிறதே, அதுதான். நம் சிக்கல் என்னவென்றால், இரண்டு உயிர் சேர்ந்து வந்தால் நம் நாக்கு தானாக ய், வ் என்று உடம்படுமெய்யைச் செருகிவிடும். ஒகினா இருக்கும் இடத்தில் அது கூடாது. 'க'உ கெய்க்கி' என்றால் என் பிள்ளை. அடைப்பை விட்டு, அகரத்தையும் நீட்டி 'காவ் கெய்க்கி' என்றால் உன் பிள்ளை. மேடையில் நின்று மகனைக் காட்டி அதைச் சொன்னால் தாரை வார்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். (கல்யாணத்தன்று அதுவும் முழுப் பொய் இல்லைதான்.) பேச்சில் 'என் மகன்' என்று வருகிற இடத்தை ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடவுளின் மூச்சு கதைக்கு வருவோம். 'அலோ' என்றால் முகம், முன்னிலை. 'ஹா' என்றால் மூச்சு. ஆகவே அலோஹா என்றால் மூச்சின் முன்னிலை என்று பிரித்துக் காட்டுவார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. நியூசிலாந்தின் மாவோரியில் 'அரோஹா', சமோவாவில் 'அலோஃபா', டோங்காவில் 'ஒஃபா' என்று இதே சொல் அன்பு, இரக்கம் என்ற பொருளோடு முழுசாக இருக்கிறது. ஹவாய்க்கு மனிதர் போய்ச் சேரும் முன்பே அது ஒரே சொல்லாக இருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். இதைப் பாட்டியிடம் போய்த் திருத்தாதீர்கள். அங்கே பலருக்கு அது மனதுக்கு நெருக்கமான விளக்கம். 1986-இல் ஹவாய் மாநிலம் சட்டப் புத்தகத்திலேயே அலோஹாவின் ஐந்து ஆங்கில எழுத்தையும் (A-L-O-H-A) ஐந்து பண்புகளாக விரித்து எழுதி வைத்திருக்கிறது. ஒரு சொல்லுக்குச் சட்டம் போட்ட ஊர் அது.

இன்னொரு தொடரும் சம்பந்தி வீட்டில் கண்ணில் படலாம், சுவரிலோ பனியனிலோ: 'அலோஹா ஆஇனா'. ஆஇனா என்றால் நிலம், சோறு போடுவது என்ற பொருளில் வந்த சொல். 'நிலத்துக்கு வணக்கம்' என்று சுற்றுலாத்தனமாகப் படித்துவிடாதீர்கள். அதில் ஒரு அரசியல் இருக்கிறது. அப்போது தனி நாடாக இருந்த ஹவாயின் அரசி லிலிஉஒகலானியை 1893-இல் கவிழ்த்தார்கள். நாட்டை அமெரிக்கா இணைத்துக்கொள்வதை எதிர்த்து 'ஹுய் அலோஹா ஆஇனா' என்ற சங்கம் 1897-இல் ஊர் ஊராகப் போய் 21,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கி வாஷிங்டனுக்கு அனுப்பியது. இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தேறவில்லை. ஆனாலும் மறு வருஷமே வேறு வழியில் தீர்மானம் போட்டு இணைத்துக்கொண்டார்கள். 1896-லேயே பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்று மொழி என்று சட்டம் வந்து, வீட்டு மொழி வீட்டுக்குள் ஒடுங்கியது. அது மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது 1978-இல்தான். உங்கள் சம்பந்தி வீட்டுப் பாட்டி இன்னும் அதில் பேசுகிறார் என்பது சாதாரண விஷயமில்லை.

கிளம்பும்போதும் அலோஹா சொல்லலாம், தப்பில்லை. ஆனால் 'அ ஹுய் ஹொவ்' என்று ஒன்று இருக்கிறது: மறுபடி சந்திக்கும் வரை. 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்த உங்களுக்கு 'போய்ட்டு வரேன்' மாதிரியான இதுதான் பிடிக்கும்.

பேச்சை இப்படி வைத்துக்கொள்ளுங்களேன். எழுந்து 'அலோஹா காக்கொவ்'. நடுவில் உங்கள் ஆங்கிலமோ, மகன் மொழிபெயர்க்க உங்கள் தமிழோ. முடிவில் 'மஹாலோ' என்று ஒரு நன்றி. போதும்.

கடைசியாக ஒன்று, இது பேச்சு இல்லை. பாட்டி உங்கள் முகத்தருகே வந்து நெற்றியையும் மூக்கையும் உங்கள் நெற்றி, மூக்கோடு ஒட்டி மூச்சை உள்ளே இழுக்கலாம். பதறிப் பின்வாங்காதீர்கள். அதற்கு 'ஹொனி' என்று பெயர். முத்தத்துக்கும் முகர்வதற்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். பிள்ளைகளை உச்சி மோந்து பழகியவர்கள் நாம். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.