கார்டை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்களுக்கு 12 டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள்) இருக்கின்றன. எல்லாவற்றையும் ஆர்எஸ்-485 கார்டு (இரண்டு கம்பியில் தகவல் அனுப்பும் கார்டு) போட்டு, மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாக, இயந்திரங்களை இயக்கும் கணினியான பிஎல்சியோடு இணைத்திருக்கிறோம். இரண்டு மூன்று ஃபேன் ஓடும்வரை பிரச்சினை இல்லை. எல்லாம் ஓடத் தொடங்கினால் கம்யூனிகேஷன் எரர். கார்டுகளை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— மின் பராமரிப்புப் பணியாளர், உடுமலைப்பேட்டை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கார்டு செத்துப்போயிருந்தால் மோட்டார் நிற்கும்போதும் அது பேசாது. ஓடினால்தான் தகராறு என்றால் முதலில் வயரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்ல கார்டுகளைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மெயினை அணைத்து, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அப்புறம் கார்டின் சிக்னல் போகும் ஏ, பி கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி இருந்தால் சரி, லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 10-ஐ ஒட்டி வந்தால், எல்லாக் கார்டிலும் அந்த ரெசிஸ்டரை இணைக்கும் டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு லோடில் சிக்னல் சுருங்கிவிடும். மோட்டார்கள் நிற்கும்போது எப்படியோ ஒப்பேற்றும், இரைச்சல் கூடியதும் விழுந்துவிடும். இரு முனை தவிர மற்றதையெல்லாம் ஆஃப் செய்யுங்கள்.

அந்த இரைச்சல் சாதாரணமானதில்லை. 415 வோல்ட் டிரைவின் உள்ளே டிசி சுமார் 580 வோல்ட் இருக்கும். அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். பிரித்துப் போடுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பேனலிலிருந்து ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்திருந்தால் அதுவும் தப்பு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் போக வேண்டும். சிக்னல் கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறையை) எங்கே எர்த் செய்வது என்பதற்கு உங்கள் டிரைவின் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்.

ஹியூமிடிஃபிகேஷன் ரூமில் ஈரம் அதிகம் என்பதால் டெர்மினலில் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரே டிரைவ் மட்டும் எரர் காட்டினால், அதன் கார்டைப் பக்கத்து டிரைவில் மாட்டுங்கள். எரரும் கூடவே போனால் அந்த ஒரு கார்டை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: கம்யூனிகேஷன் போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதே, கோளாறா?
— வாசகர், பல்லடம்

பதில்: கோளாறில்லை, செட்டிங். தொடர்பு அறுந்தால் நிற்பதா, கடைசி வேகத்திலேயே ஓடுவதா என்று சொல்ல டிரைவில் பாராமீட்டர் உண்டு. ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் என்றால் ஓடட்டும் என்பேன். அது நின்றால் ஈரப்பதம் குறைந்து நூல் அறுந்துபோக ஆரம்பிக்கும். கன்வேயர் என்றால் நின்றுவிட வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் இந்த இரண்டு கம்பியை நம்பி விடாதீர்கள், அதற்குத் தனி வயர் இழுங்கள்.