முறையாகப் படிக்காத உக்ரைன் தெரு ஓவியர்களின் படங்களுக்கு மதிப்பு உண்டா? காசு கொடுத்து வாங்கலாமா?

யாரோ ஒருவர் வரைந்த படம் உங்களுக்குப் பிடித்திருக்கும், பக்கத்தில் இருந்த யாரோ "இவங்க எங்கேயும் படிக்காதவங்க, இதுக்கா இவ்வளவு காசு" என்று சொல்லியிருப்பார், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கும் அதேதான் நடந்தது.

2018-ல் இருந்து கார்கிவில் மருத்துவம் படித்தேன். 2019 அக்டோபரில் நாங்கள் நான்கு பேர் ரயிலில் கீவ் போனோம். அங்கே ஆந்திரியிவ்ஸ்கி இறக்கம் என்று ஒரு தெரு இருக்கிறது, மேலே ஆந்திரேய் தேவாலயத்தில் தொடங்கி கீழே பொதில் என்ற பகுதி வரை கல் பாவிய சரிவு. இரண்டு பக்கமும் படங்களைச் சாய்த்துவைத்து விற்பார்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரி, சூரியகாந்தி வயலும் கோபுரமும்தான். கிட்டத்தட்ட அடிவாரத்தில் ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஹார்ட்போர்டில் ஒரு நீல வாத்து. அதன் வயிற்றுக்குள் ஒரு வீடு, அந்த வீட்டு ஜன்னலில் மஞ்சளாக ஒரு விளக்கு.

என் அரைகுறை ரஷ்ய மொழியில் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்லை மகனே. டிராலிபஸ் ஓட்டினேன், ஓய்வு கொடுத்துவிட்டார்கள், குளிர்காலம் நீளமாக இருந்தது" என்றார். 400 ஹிரிவ்னியா, அப்போது நம் காசில் 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வாங்கிவிட்டேன். கூட வந்த சீனியர் அண்ணன் கார்கிவ் திரும்பும் வரை, வாத்தின் கால் எங்கிருந்து முளைக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்றைக்கு என்றால் கத்தெரினா பிலோகூரைப் பற்றிச் சொல்வேன். 1900-ல் பிறந்தவர், வீட்டில் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. ஓவியம் படிக்கப் போன இடத்தில் பள்ளிச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அவர் வரைந்த பூக்கள்தான் இன்றைக்கு அந்த நாட்டு அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. அப்புறம் மரியா பிரிமாச்சென்கோ, சின்ன வயதில் போலியோ வந்தவர், தானாகக் கற்றவர். அவருடைய படங்கள் இருந்த இவான்கிவ் அருங்காட்சியகம், ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய 2022 பிப்ரவரியில் எரிந்தபோது ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து படங்களைத் தூக்கி வந்தார்கள். அவ்வளவு ஆபத்தில் எதைக் காப்பாற்ற ஓடுகிறார்களோ அதற்கு மதிப்பு உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் போலினா ராய்கோ. கெர்சன் பக்கம் ஒலெஷ்கி என்ற சிற்றூர். மகளும் கணவரும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, 1998-ல், 69 வயதில் தூரிகையைக் கையில் எடுத்தார். பென்ஷன் காசில் மலிவான எனாமல் பெயின்ட் வாங்கி வீட்டுச் சுவர், கூரை, வாசல் கதவு, கராஜ் கதவு என்று ஓர் இடம் விடாமல் பறவையும் தேவதையுமாக வரைந்தார். 2004-ல் இறந்துவிட்டார். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தபோது அந்த வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

தெருச் சுவர்தான் வேண்டும் என்றால் சாஷா கோர்பன் இருக்கிறார். தோனெத்ஸ்க் பகுதியில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2015 ஜனவரி ராக்கெட் தாக்குதலில் தாயையும் ஒரு காலையும் இழந்த சின்னப் பெண்ணை 2018-ல் மரியுபோலில் ஒரு உயரமான குடியிருப்பின் சுவர் முழுக்க வரைந்தார். ஊரைப் பிடித்த ரஷ்யர்கள் 2022-ல் அதை அழித்துவிட்டார்கள். ஆனால் உக்ரைன் சுவரோவியம் என்றாலே இங்கே எல்லோரும் பிரிட்டன் தெரு ஓவியர் பேங்ஸி பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் அங்கே போய் வரைந்தது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களின் பெயர் ஒன்றாவது தெரிந்துகொள்ளலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சண்டைக்கு வருபவர்களுக்கு: படிக்காதவர் வரைந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கார்கிவ் சுவர்களில் கறுப்பு வெள்ளையில் வரையும் ஹாம்லெத் ஸின்கிவ்ஸ்கி முறையாகக் கலை படித்தவர்தான், அவர் படங்களும் எனக்கு உயிர். படிப்பைக் குறை சொல்லவில்லை, சான்றிதழை வைத்து படத்தை அளக்காதீர்கள் என்கிறேன்.

சரி, என் வாத்து. 2022 மார்ச் 2 அன்று கார்கிவை உடனே விட்டுக் கிளம்புங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று இந்தியத் தூதரகம் சொன்னது. நகருக்கு வெளியே இருக்கும் பிசோச்சின் வரை நடந்தோம். ஹார்ட்போர்டைச் சுருட்ட முடியாது, அதனால் படம் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.  

அந்த ஆண்டு மே மாதம் விடுதிப் பொறுப்பாளர் அம்மா டெலிகிராமில் ஒரு போட்டோ அனுப்பினார். என் அறை ஜன்னல் கண்ணாடியெல்லாம் போயிருந்தது. பெரிய திறப்புக்கு பிளைவுட். மேலே காற்றுக்காகத் திறக்கும் சின்னச் சட்டத்துக்கு அளவாக வேறு எதுவும் கிடைக்காமல் என் படத்தையே எடுத்து அடித்திருக்கிறார், வாத்து அறைக்குள் பார்க்கும்படி. ஓர் ஆணி அதன் கழுத்தில் இறங்கிவிட்டது, கோபமா என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா, அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன்.

வாங்குங்கள். வாங்கும் முன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பெயின்ட் மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும், வழவழவென்று இருந்தால் அச்சடித்ததாக இருக்கலாம். வரைந்தவரே விற்கிறார் என்றால் பேரம் பேசாதீர்கள். பின்பக்கம் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். நான் அந்தப் பாட்டியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.